மர்ம நாடகத்தை வகுப்பில் வாசிக்க வைத்த அனுபவங்கள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

மர்ம நாடகம் பாடமாக வந்தால் மாணவர்கள் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுகிறார்கள். முடிவு தெரிந்துவிட்டால் படித்தாகிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. நான் அதைத் தடுப்பதில்லை. "யார் செய்தது?" என்பதை விட்டுவிட்டு, "இந்த வரியில் யாருக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால் முடிவு தெரிந்தவரும் முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும்.

ஜே.பி. பிரீஸ்ட்லியின் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' இதற்கு மிகவும் தோதான நாடகம். 1945-ல் முதலில் மேடையேறியது, கதை நடப்பது 1912-ல். மகளின் நிச்சயதார்த்தத்தைக் கொண்டாடும் பணக்கார வீட்டுக்கு ஓர் இன்ஸ்பெக்டர் வருகிறார். ஓர் இளம்பெண்ணின் தற்கொலையைப் பற்றி ஒவ்வொருவராக விசாரிக்கிறார். நான் பலகையில் ஒரு கட்டம் போடுவேன். வரிசைக்கு ஒரு கதாபாத்திரம், கடைசி வரிசை பார்வையாளருக்கு. இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணின் புகைப்படத்தை வெளியே எடுக்கும்போதெல்லாம் வாசிப்பை நிறுத்தி, யார் பார்த்தார்கள் என்று நிரப்பச் சொல்வேன். முதலில் அப்பா பார்க்கிறார். மகனும் மருமகனாகப் போகிறவரும் எழுந்து வர, இன்ஸ்பெக்டர் குறுக்கே நின்று மறைத்துவிடுகிறார். அவர் மறைப்பது மேடைக் குறிப்பில் வருகிறது. வசனத்தை மட்டும் படித்துக்கொண்டு போகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

மகளுக்கும் படம் காட்டப்பட்ட இடத்தில் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தோம். அதிகம் பேசாத ஒரு மாணவி கேட்டாள்: "ரெண்டு பேரும் ஒரே படத்தைத்தான் பார்த்தாங்கன்னு எப்படி சார் சொல்றது?" மூன்றாம் அங்கத்தில் மருமகனாகப் போகிற ஜெரால்டு கேட்கப்போகும் கேள்வி அது. அவள் இன்னும் முதல் அங்கத்தைக்கூட முடிக்கவில்லை. அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

இன்னொன்று, அங்கங்கள் முடியும் இடம். முதல் அங்கம் முடிந்த அதே நொடியில் இரண்டாம் அங்கம் தொடங்குகிறது. கதையில் ஒரு நிமிடம்கூடக் கடக்கவில்லை, ஆனாலும் திரை விழுகிறது. ஏன் அங்கே என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வகுப்பு முழுக்கப் பேசுவார்கள்.

பதில்:

மேடைக் குறிப்பு பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. நான் சூசன் கிளாஸ்பெல்லின் 'டிரைஃபிள்ஸ்' நடத்துகிறேன். 1916-ல் வந்த ஓரங்க நாடகம், சிறியது. அதில் குறிப்புகளை விட்டுவிட்டால் நாடகத்தில் பாதி போய்விடும். கணவனைக் கொன்றதாகச் சந்தேகிக்கப்படும் பெண் கடைசிவரை மேடைக்கே வருவதில்லை. ஆண்கள் மாடியிலும் கொட்டகையிலும் தடயம் தேடுகிறார்கள். சமையலறையில் இருக்கும் இரண்டு பெண்களின் கண்ணில் படுவதோ கோணலான தையல், கதவு உடைந்த பறவைக் கூண்டு, பெட்டிக்குள் கழுத்து முறிக்கப்பட்ட பறவை. கொலைக்குக் காரணம் அந்தப் பறவைதான் என்று புரிந்து அதை ஒளித்துவிடுகிறார்கள்.

ஆண்கள் பார்ப்பதை வகுப்பில் பாதிப் பேர் எழுத வேண்டும், பெண்கள் தொடுவதை மீதிப் பேர். ஒரு பையன் ஒத்துக்கொள்ளவே இல்லை. "சாட்சியத்தை ஒளிக்கிறாங்க மிஸ், அது குற்றம்தானே?" என்றான். சரி, அந்த முடிவை அவர்கள் எந்த வரியில் எடுத்தார்கள் என்று காட்டு என்றேன். மறுநாள் வந்து, அந்த இரண்டு பெண்களில் ஒருவரான திருமதி ஹேல் கோணல் தையலைப் பிரிக்கும் இடத்தைக் காட்டினான். பறவை அகப்படுவதற்கு முன்பே அது நடந்துவிடுகிறது! நாடகத்தின் இன்னொரு பெண் மனம் மாறுவது வேறு இடத்தில் என்று வகுப்புத் தோழிகள் சண்டைக்கு வந்தார்கள். இரண்டு தரப்பும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே வாதாடினார்கள். அது குற்றம் என்ற கருத்தை அவன் மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

பதில்:

முடிவு முன்பே தெரிந்திருந்தாலும் நெஞ்சு படபடக்கும் என்பதற்கு சோபோக்கிளீசின் 'ஈடிபஸ்' போதும். தெரியாமலே தந்தையைக் கொன்று தாயை மணந்துவிட்ட அரசனின் கதை அந்தக் காலத்துக் கிரேக்கப் பார்வையாளர்களுக்கே தெரியும். கொரிந்துவிலிருந்து வரும் தூதன், அப்படி நடக்கும் என்ற குறியைக் கேட்டிருந்த ஈடிபஸின் பயத்தைப் போக்குவதாக நினைத்து, உன்னை வளர்த்தவர் உன் தந்தை இல்லை என்று சொல்லிவிடுகிறான். பிறகு இருவரும் பேசிக்கொண்டே போக, ஈடிபஸின் மனைவியும் உண்மையில் தாயுமான ஜோகாஸ்டா பக்கத்தில் ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிறாள்.

புத்தகத்தில் மௌனம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஜோகாஸ்டாவாக வாசிக்கும் மாணவியை அந்தப் பகுதி முழுக்க முன்னால் நிற்க வைப்பேன். மற்றவர்களுக்கு ஒரே வேலை: எந்த வரியில் அவளுக்கு உண்மை புரிகிறது என்று பென்சிலால் கோடு போடுவது. எல்லோரும் ஒரே வரியில் கோடு போட்டதே இல்லை. குழந்தையின் கணுக்கால் பற்றிய பேச்சில் சிலர், ஈடிபஸின் உண்மைத் தந்தையான லாயஸின் மேய்ப்பன் என்ற சொல்லில் சிலர். ஏன் அந்த வரி என்று ஒரு பத்தி எழுதச் சொன்னால், கதைச் சுருக்கம் மட்டுமே எழுதிப் பழகியவர்கள்கூட வரியை மேற்கோள் காட்டிக் காரணம் சொல்கிறார்கள். நடிக்கக் கூச்சப்படும் மாணவர்களுக்கும் இது ஒத்துவரும், நிற்பவருக்கு வசனமே கிடையாதே.