இரகசிய வருகை பற்றி வாலிபர் வகுப்பு: உதவி தேவை

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

அடுத்த மாதம் எங்கள் சபை வாலிபர்களுக்கு சபை எடுத்துக்கொள்ளப்படுதல் பற்றி, அதாவது கர்த்தர் வரும்போது விசுவாசிகள் அவரிடம் எடுத்துக்கொள்ளப்படும் இரகசிய வருகை பற்றி, நான் வகுப்பு எடுக்க வேண்டும். 1 தெசலோனிக்கேயர் 4:17 அனைவரும் அறிந்த வசனம். ஆகாயத்தில் கர்த்தரைச் சந்திப்போம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது உபத்திரவ காலத்துக்கு (கடைசி நாட்களில் வரும் கொடிய துன்ப காலத்துக்கு) முன்பா, பின்பா என்பதில்தான் தெளிவு வேண்டும்.

முன்பு என்ற போதனையை 1830களில் சகோதரர் இயக்கம் என்ற கிறிஸ்தவக் குழுவின் தலைவர்களில் ஒருவரான ஜான் நெல்சன் டார்பி வகுத்தார். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமக் குறிப்புகள் வழியாக அது உலகமெங்கும் பரவியது. அதே சகோதரர் இயக்கத்தில் பெஞ்சமின் வில்ஸ் நியூட்டன் டார்பியை எதிர்த்தார். மத்தேயு 24:29-31இல் "உபத்திரவம் முடிந்தவுடனே" என்றல்லவா வருகிறது! முன்பு என்பவர்கள் அந்தப் பகுதி இஸ்ரவேலைக் குறிக்கிறது என்கிறார்கள். எனக்கு அது போதவில்லை.

இரு பக்கத்தையும் நேர்மையாக விளக்கும் தமிழ்ப் புத்தகம், பிரசங்கம் ஏதாவது தெரியுமா? லுத்தரன், சிஎஸ்ஐ சபையார் இதை எப்படிக் கற்பிக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

இன்னொன்று. எடுத்துக்கொள்ளப்படாமல் கைவிடப்பட்டுவிடுவோமோ என்று இரவில் தூங்காத பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். பவுல் இதை எழுதியது, மரித்தவர்களை நினைத்துத் துக்கித்தவர்களைத் தேற்றுவதற்காக. 18ஆம் வசனம் அதைத்தான் சொல்கிறது. பயமுறுத்தாமல் இதைப் போதித்த அனுபவமுள்ள அண்ணன்மார், அக்காமார் தயவுசெய்து எழுதுங்கள். தேதி குறிக்கும் காணொளிகளை மட்டும் அனுப்ப வேண்டாம்.