‘மருந்து எதிர்ப்பு’ வேண்டாம், ‘மருந்து கேளாமை’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஆண்டிபயாடிக்குக்குப் பாக்டீரியா மசியாமல் போவதைத் தமிழில் என்னவென்று சொல்வது என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். பச்சை இறைச்சியில் இருக்கும், ஆண்டிபயாடிக்குக்கு மசியாத பாக்டீரியாவைப் பற்றி ஒரு துண்டறிக்கை எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. கறிக்கடைக்காரர்களும் வீட்டில் சமைப்பவர்களும் படிக்க வேண்டியது. பல வருடம் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் விஷயம் தெரியும். ஆனால் சொல்தான் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் அச்சுக்குப் போக வேண்டும்.

முதல் வரைவில் ‘நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்கு எதிர்ப்பு சக்தி பெற்ற பாக்டீரியா’ என்று எழுதியிருந்தேன். வழக்கமாகக் கோழி வாங்கும் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூட்டம் கலைந்திருந்த நேரம். கடைக்காரர் புளியமரக் கட்டையில் கத்தியைச் செருகிவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, வாய்விட்டு இரண்டு தடவை படித்தார். “எதிர்ப்பு சக்தி இருக்குன்னா நல்லதுதானேம்மா? தயிர்ல இருக்கிற மாதிரியா?” என்று கேட்டார். அந்தத் தாளை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் மேல் தப்பே இல்லை. ‘எதிர்ப்பு சக்தி’ என்றால் நம் காதில் நல்ல சொல்லாகத்தான் விழுகிறது. கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீர் குடித்த எல்லாருடைய வாயிலும் இருந்த சொல் அது. போதாததற்கு ‘எதிர்ப்பிக்கு எதிர்ப்பு’ என்று இரட்டித்து வேறு வருகிறது. யார் யாரை எதிர்க்கிறார்கள் என்று படிக்கிறவர் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆண்டிபயாடிக்குக்குப் பாடநூலில் வரும் ‘உயிர் எதிர்ப்பொருள்’ இன்னும் சிக்கல். வெறும் ‘எதிர்ப்பொருள்’ என்றால் உடம்பே உண்டாக்கும் ஆன்டிபாடி. மாணவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

இழையில் ஒருவர் ‘மருந்துப் பழக்கம்’ என்று சொன்னார். காரணம் புரிகிறது: “உடம்புக்கு அந்த மருந்து பழகிப்போச்சு” என்று ஊரில் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் அந்தப் பேச்சில்தான் பிழையே இருக்கிறது. உடம்பு எதற்கும் பழகவில்லை, மாறியது பாக்டீரியா. 2015இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 12 நாடுகளில் மக்களிடம் கேட்டபோது 76 சதவீதம் பேர், உடம்பு மருந்துக்குப் பழகிவிடுவதுதான் இது என்று நினைத்தார்கள். நாலில் மூன்று பேர். நாம் உருவாக்கும் சொல் இந்தத் தப்பை இன்னும் ஆழமாக ஊன்றிவிடக் கூடாது. அதனால் ‘பழக்கம்’ வேண்டாம்.

‘தாங்குதிறன்’ என்பதை முதலில் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அதை வேறொன்றுக்காக வைத்திருக்க வேண்டும். மருந்து இருக்கும்போது பெருகாமல் உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு கிடக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. ‘தாங்குதல்’ அவற்றுக்குத்தான் பொருந்தும். நாம் பேசுகிற பாக்டீரியா மருந்துக்கு நடுவிலேயே பெருகுகிறது.

ஆய்வகத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். கண்ணாடித் தட்டில் கூழ் உறைய வைத்து, பாக்டீரியாவைப் பஞ்சுக்குச்சியால் முழுக்கத் தடவி, மருந்து ஊறிய சின்னச் சின்னக் காகித வட்டங்களை மேலே வைப்போம். மறுநாள் காலையில் திறந்தால் தட்டு முழுக்க மங்கலாகப் பாசி பிடித்த மாதிரி வளர்ந்திருக்கும். மருந்து வேலை செய்த இடத்தில் மட்டும் காகிதத்தைச் சுற்றித் தெளிவான வளையம் இருக்கும். அளவுகோலை வைத்து அதை மில்லிமீட்டரில் அளப்போம். சில தட்டுகளில் வளையமே இருக்காது. காகிதத்தின் விளிம்பு வரை நெருக்கி வளர்ந்திருக்கும். முதல் தடவை அப்படி ஒன்றைப் பார்த்தபோது பக்கத்தில் இருந்த மூத்த உதவியாளர் அக்கா, “இது எதுக்கும் கேக்காது போல” என்றார்.

இந்தச் சொல் அப்போதே நம்மிடம் இருந்திருக்கிறது. “காய்ச்சல் மாத்திரைக்குக் கேக்கல”, “இந்த ஊசிக்குக் கேக்கும்” என்று பாட்டி முதல் மருந்துக்கடைப் பையன் வரை சொல்கிறார்கள். சொன்ன பேச்சைக் கேட்பது என்ற பொருளில் வருகிற ‘கேள்’ அது. ஆகவே என் பரிந்துரை: மருந்து கேளாமை.

இது பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. பாக்டீரியா மருந்திடமிருந்து தப்பிக்கும் வழி ஒன்றல்ல. சில மருந்தின் மூலக்கூறையே வெட்டிப்போடும். சில உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும். சில தன் வெளிச்சுவரையே மாற்றிக்கொண்டு மருந்து ஒட்ட இடம் கொடுக்காது. இத்தனையையும் ‘எதிர்ப்பு’ என்றால் எல்லாம் சண்டைபோல ஆகிவிடுகிறது. ‘கேளாமை’ விளைவை மட்டும் சொல்கிறது. வழி எதுவானாலும் பொருந்தும்.

மறுப்புகளுக்கு வருகிறேன். ‘கேளாமை’ என்றதும் செவித்திறன் இல்லாமைதான் நினைவுக்கு வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கவலைதான். அதனால்தான் ‘கேளாமை’யைத் தனியாக விடாமல் எப்போதும் ‘மருந்து’ என்பதோடு சேர்த்தே எழுத வேண்டும் என்கிறேன். ‘மருந்துக்குக் கேட்காதது’ என்று விரித்தால் குழப்பம் வராது.

இன்னொருவர் கேட்டது கனமான கேள்வி. ஊர் வழக்கில் மருந்துக்குக் கேட்காதது நோய். இறைச்சியில் நோயாளியே இல்லையே, யார் யாருக்கு மருந்து கொடுத்தார்கள்? கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் பதில். நோய்க்கு மட்டுமல்லாமல், சீக்கிரம் எடை ஏறுவதற்காகவும் தீவனத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கலக்கும் வழக்கம் 1950 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. அரைகுறை அளவில் மருந்து பட்டால் கேட்கிறதெல்லாம் சாகும், கேட்காதது மிஞ்சும், மிஞ்சியது பெருகும். அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே குறைந்த அளவில் மருந்து கொடுப்பதன் ஆபத்தைச் சொல்லியிருக்கிறார்.

சீனாவில் நடந்ததைப் பாருங்கள். கொலிஸ்டின் பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒதுக்கி வைத்திருந்ததை, வேறு எதற்கும் கேட்காத தொற்றுகளுக்குக் கடைசி மருந்தாக மருத்துவர்கள் மறுபடி எடுத்தார்கள். அதே மருந்து பன்றித் தீவனத்தில் மூட்டை மூட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள், பாக்டீரியாவைக் கொலிஸ்டினுக்குக் கேட்காமல் செய்யும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணுவை அறிவித்தார்கள். சோதித்த 523 பச்சை இறைச்சி மாதிரிகளில் 78இல் அது கிடைத்தது, அதாவது 15 சதவீதம். மருத்துவமனை நோயாளிகள் 1,322 பேரில் 16 பேரிடம் இருந்தது. அந்த மரபணு பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் உட்கார்ந்திருந்ததால் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியும். சீனா 2017இல் எடை கூட்டுவதற்காகத் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அதைத் தடை செய்தது.

சொல்லுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. இறைச்சியில் அந்த மரபணுவைச் சுமந்து வந்தது ஈ.கோலை என்ற பாக்டீரியா. அதில் பெரும்பாலானவை குடலில் சும்மா இருக்கிற வகை. அவை நம்மை நோயில் தள்ளாவிட்டாலும் மரபணுவை வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆகவே ‘நோய்’, ‘கிருமி’ இரண்டும் சொல்லுக்குள் வரக் கூடாது. ‘மருந்துகேளாப் பாக்டீரியா’ என்றே எழுதுவோம். ‘அசுரக் கிருமி’ என்று பத்திரிகைகள் எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. மருந்துக்குத்தான் அது கேட்காது, நெருப்புக்குக் கேட்கும். கறியின் நடுப்பகுதி வரை 74 டிகிரி செல்சியஸ் ஏறினால் மற்றவை மாதிரியே அதுவும் சாகும். ‘அசுரன்’ என்று படித்தவர் சமைத்தும் பயனில்லை என்று நினைத்துவிடுவார்.

‘மருந்து’ ரொம்பப் பொதுவான சொல் என்பது சரிதான். கட்டுரைகளில் தேவையான இடத்தில் ‘ஆண்டிபயாடிக் கேளாமை’ என்று எழுதலாம். பல மருந்துக்கும் கேட்காதது ‘பன்மருந்து கேளாமை’, அதைத் தரும் மரபணு ‘கேளாமை மரபணு’. தட்டில் செய்கிற சோதனைக்கு ‘கேட்புச் சோதனை’ என்று வைக்கப் பார்த்தேன். வருவாய்த்துறையில் ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்று ஏற்கனவே ஓடுகிறது. அதனால் இது எனக்கே முழு நிறைவு தரவில்லை, நல்லதாக வேறு இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம் இறைச்சியில் அது ‘இருப்பதை’ என்னவென்று சொல்வது? ‘தொற்று’ உயிருள்ள உடம்புக்கு. ‘கலப்படம்’ என்றால் வேண்டுமென்றே செய்தது, கடைக்காரரைக் குற்றவாளி ஆக்கிவிடும். ‘தீட்டு’ என்று ஒருவர் சொன்னதை நான் கடுமையாக மறுக்கிறேன். அந்தச் சொல்லால் மனிதர்கள் பட்டது இன்னும் தீரவில்லை. கறி வெட்டிப் பிழைப்பவர் கையில் கொடுக்கும் தாளில் அது வரவே கூடாது. கட்டுரைகளுக்கு ‘ஒட்டுமாசு’ போதும். துண்டறிக்கைக்கு அடுக்களையில் இருக்கிற ‘கவுச்சி’யே நன்றாக இருக்கிறது: கவுச்சி பட்ட கத்தி, கவுச்சி பட்ட பலகை. எங்கள் வீட்டில் கோழியை மஞ்சள் போட்டுக் குழாயடியில் அலசும்போது, பக்கத்தில் கொத்தமல்லிக் கட்டு இருக்கும். தெறிக்கிற தண்ணீர் அதன்மேல்தான் விழும். குழம்பு கொதித்துவிடுகிறது. கொத்தமல்லியை அடுப்பை அணைத்த பிறகு தூவுகிறோம்.

புதிய வரைவோடு போன ஞாயிறு கடைக்குப் போனேன். ‘மருந்துக்குக் கேட்காத பாக்டீரியா’ என்ற வரியைப் படித்ததும் அவர் நிமிர்ந்து, “அப்போ இந்தக் கை சுத்தமில்லாம கல்லால காசு எடுக்கக் கூடாதுல்ல?” என்றார். தாளில் நான் எழுதாத விஷயம் அது. சேர்த்துவிட்டேன்.

கடைசி வரி இப்போது இப்படி இருக்கிறது: ‘மருந்துக்குக் கேட்காத பாக்டீரியாவும் கொதிக்கும் குழம்பில் செத்துவிடும், கவுச்சி பட்ட கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த வேலையைத் தொடுங்கள்.’ இதில் ‘செத்துவிடும்’ கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறதா, ‘அழிந்துவிடும்’ என்று மாற்றலாமா? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.