கேபின் துரு, ஓட்டை, எஃப்.சி. வருகிறது. அவசர உதவி

நாகை_வண்டி:
வணக்கம். வண்டியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. கையால் அழுத்தினால் பொலபொலவென்று உதிர்கிறது. எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதிச் சான்று) தேதி நெருங்கிவிட்டது. பட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் தாங்குமா, வெட்டி ஒட்டத்தான் வேண்டுமா? எவ்வளவு செலவாகும்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஸ்பேனர்_14:
எந்த வண்டி? என்ன வருஷம்? ஓட்டை எங்கே, கதவிலா, மட்கார்டிலா, தரையிலா? டிவிஎஸ் 50-யும் வண்டிதான் நண்பரே.

ஆசிட்_பாட்டில்:
எதையும் வெட்ட வேண்டாம். ரஸ்ட் கன்வெர்ட்டர் வாங்கி இரண்டு கோட் அடியுங்கள். துரு கறுப்பாக மாறி நின்றுவிடும். என் டிராக்டர் மட்கார்டு அப்படித்தான் இன்னும் ஓடுகிறது.

பழைய_லேலண்ட்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் சொல்லியாகிவிட்டது. தேடிப் பார்க்கிற பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை. பட்டி என்பது மேடு பள்ளம் நிரவ, அதுவும் 2, 3 மில்லிமீட்டருக்குள். ஓட்டையை அடைக்க அல்ல. அது ஈரத்தை உறிஞ்சும், பின்னால் துரு தன் பாட்டுக்கு ஓடும். 8 வருஷம் தாண்டிய வண்டி என்றால் வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். உங்கள் பட்டி அடுத்த எஃப்.சி.யைப் பார்க்காது. ஆசிட்_பாட்டில் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: கன்வெர்ட்டர் இருக்கிற துருவை மாற்றும், போன தகட்டைத் திருப்பித் தராது.

படகுத்துறை:
அண்ணே, நாகப்பட்டினம் என்றால் ஃபைபர் படகு கட்டுகிற ஆள் பக்கத்திலேயே இருப்பாரே. ஃபைபர் மேட்டும் ரெசினும் வைத்து இரண்டு அடுக்கு ஒட்டச் சொல்லுங்கள். கடலிலேயே தாங்குகிறது, கேபினில் தாங்காதா?

நாகை_வண்டி:
டாடா 407, 2009 மாடல். கேபின் தரையில் கிளீனர் பக்கம், கால் வைக்கிற இடம். இரண்டு கதவிலும் அடி விளிம்பு கொஞ்சம் அரித்திருக்கிறது. ஃபைபர் மலிவாக முடியும்போல. அதையே செய்யலாமா?

ஸ்பேனர்_14:
என்ன லோடு ஏற்றுகிறீர்கள்?

நாகை_வண்டி:
மீன். அதைச் சொல்ல வேண்டுமா? மீன் பின்னால்தானே இருக்கிறது.

ஸ்பேனர்_14:
ஐஸ் தண்ணீரும் உப்பும் பாடியிலிருந்து சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேலேதான் ஒழுகும். அதனால்தான் கேட்டேன், அதைத் தனியாகப் பாருங்கள். ஆனால் கிளீனர் பக்கத் தரை மட்டும் போயிருந்தால் எனக்கு முன் கண்ணாடி ரப்பர் பீடிங் மேல்தான் சந்தேகம். தரையில் விரித்த மேட்டைத் தூக்கிவிட்டு ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். இன்னொருவர் ஹோஸில் தண்ணீரைக் கண்ணாடியின் கீழ் விளிம்பிலிருந்து ஆரம்பித்து மெல்ல மேலே கொண்டுபோகட்டும். மேலிருந்து ஊற்றினால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாது. கதவு அடியில் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகள் சேற்றில் அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்திவிடுங்கள், கதவு ஏன் அரித்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஒழுகலை நிறுத்தாமல் தரை போட்டால் அந்தத் தரையும் போகும்.

பட்டறை_மூலை:
ஃபைபர் வேண்டாம் தம்பி. படகு முழுக்க ஃபைபர். இங்கே அதைத் துருத் தகட்டின் மேல் ஒட்டுகிறோம். ஓரம் பிரிந்து இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் இறங்கிவிடும். போதாததற்கு அது கால் வைக்கிற இடம்.

எங்கள் பட்டறையில் செய்வதைச் சொல்கிறேன். முதலில் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவிக் காயவிட வேண்டும். உப்பைக் கழுவாமல் தேய்த்தால் குழிக்குள்ளேயே தங்கும், மேலே என்ன அடித்தாலும் கொப்புளம் வரும். அப்புறம் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் மங்குகிற இடமெல்லாம் போன இடம். பளபளவென்று நல்ல தகடு தெரிகிற வரை வெட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற ஓட்டை உள்ளங்கை அளவு என்றால் வெட்டு அதைவிடப் பெரிதாகத்தான் வரும். வெட்டாமலே விலை சொல்கிற இடத்துக்குப் போகாதீர்கள். செலவை அதற்கு முன் என்னாலும் சொல்ல முடியாது.

தரைக்கு 18 கேஜ் சி.ஆர். ஷீட் (பூச்சில்லாத இரும்புத் தகடு), ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் கனம். கதவுக்கு அதைவிட மெல்லிய 20 கேஜ் போதும். சிஓ2 வெல்டிங், 0.8 மில்லிமீட்டர் ஒயர். ஆர்க் வைத்தால் மெல்லிய தகடு பொத்துக்கொள்ளும், கேஸ் வைத்தால் நெளியும். ஒரு பொட்டு இங்கே, அடுத்தது எதிர்மூலையில் என்று தாவித் தாவி வைக்க வேண்டும். ஒரே கோடாக இழுத்தால் தகடு அப்பளம் மாதிரி ஆகிவிடும். தேய்த்ததும் எபாக்ஸி பிரைமர் (அடிப்பூச்சு), மூட்டை அடைக்கச் சீம் சீலர், வண்டிக்கு அடிப்பக்கம் அண்டர்கோட் பூச்சு. வெறும் ரெட் ஆக்சைடோடு விட்டுவிட்டால் கடலோரத்தில் நிற்காது.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். மேட், சீட், ஒயரிங் எல்லாம் விலக வேண்டும். கீழே ஒரு ஆள் தண்ணீர் வாளியோடு நிற்கட்டும், பழைய அண்டர்கோட் பற்றிக்கொள்ளும்.

முக்கியமானது: கேபின் மவுண்டிங் (கேபினைச் சேஸிஸோடு பிடித்திருக்கிற பாகம்) உட்காருகிற இடத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே போயிருந்தால் இது ஒட்டுப்போடுகிற வேலை இல்லை.

ஆசிட்_பாட்டில்:
சி.ஆர். எதற்கு? ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசிய தகடு) போட்டால் துருவே பிடிக்காதே.

பட்டறை_மூலை:
வெல்டிங் வைக்கிற ஓரத்தில் துத்தநாகம் எரிந்து போய்விடும், அங்கிருந்துதான் துரு ஆரம்பிக்கும். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல். ஓரத்தைத் தேய்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

படகுத்துறை:
அதற்கு ஒரு டம்ளர் பால் குடித்தால் போதும். எங்கள் வெல்டர்கள் எல்லோரும் குடிப்பார்கள்.

பழைய_லேலண்ட்:
புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. எட்டாம் வகுப்புப் பாடம்.

படகுத்துறை:
நீங்கள் வெல்டிங் பிடித்திருக்கிறீர்களா ஐயா? எங்கள் அப்பா காலம் முழுக்கப் பால் குடித்துத்தான் வேலை பார்த்தார்.

பழைய_லேலண்ட்:
அந்தக் காய்ச்சல் ஓரிரு நாளில் தானே இறங்கிவிடும். பெயரைப் பால் வாங்கிக்கொள்கிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், மாஸ்க் போடுங்கள்.

ஸ்பேனர்_14:
பால் கடையை மூடுங்கள். கேட்டவரைக் காணோம்.

நாகை_வண்டி:
கண்ணாடி ரப்பர்தான். கீழ் மூலையில் ஒழுகுகிறது. மேட்டுக்கு அடியில் யாரோ சாக்கு விரித்திருக்கிறார்கள், ஊறிக் கிடந்தது. பட்டறையில் விட்டாச்சு, சி.ஆர். ஷீட்தான் சொல்லியிருக்கிறேன். ரப்பரும் புதிது. எல்லோருக்கும் நன்றி.

பட்டறை_மூலை:
மவுண்டிங் எப்படி இருந்தது தம்பி? அதைச் சொல்லவில்லையே.

பட்டறை_மூலை:
வண்டி இன்னும் பட்டறையில் இருந்தால், பெயின்ட் அடிக்கும் முன் கீழே படுத்து ஒருமுறை பாருங்கள். அந்தச் சாக்கைத் திரும்பப் போட விடாதீர்கள்.

ஆசிட்_பாட்டில்:
கதவு அடிக்காவது கன்வெர்ட்டர் அடித்துப் பார்க்கலாம்.