ஆர்.ஓ. வெளியே விடும் தண்ணீருக்கு ஒரு பெயர்: மறுகால்நீரா, செறிநீரா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டில் தண்ணீரின் உப்பைச் சவ்வால் பிரிக்கும் ஆர்.ஓ. கருவியைப் பொருத்த நாம் தமிழில் எழுதும் கையேட்டில், ஆர்.ஓ.வுக்கு வைத்த 'எதிர்ச் சவ்வூடுபரவல்' என்ற சொல் பற்றித் தகராறு இல்லை. முட்டுவது அடுத்த சொல்லில். சவ்வைக் கடக்காமல் வெளியேறும் தண்ணீரை வரைவில் 'கழிவுநீர்' என்று எழுதியிருக்கிறோம். கழிவுநீர் என்றால் யாருக்கும் சாக்கடைதான் நினைவுக்கு வரும். படித்த பிளம்பர் அந்தக் குழாயைச் சிங்க்கின் வடிகுழாயில் செருகிவிட்டுப் போவார். குடிக்க ஆகாவிட்டாலும் மற்ற வேலைக்கு ஆகும் தண்ணீர் நாளெல்லாம் வீணாகும். வடிகுழாய் அடைத்துக்கொண்டு எதிர்த்தால் அழுக்கு குழாய் முனையைத் தொடும். வேறு வழியில்லாமல் வடிகுழாயில்தான் விட வேண்டுமென்றாலும், முனை தண்ணீரில் படாமல் இரண்டு விரற்கடை மேலே நிற்க வேண்டும்.

'உப்புநீர்' என்றும் எழுத முடியாது. செட்டிநாட்டில் போர்த் தண்ணிக்கே உப்புத்தண்ணி என்றுதான் பேர். ஊருணியில் எடுப்பது நல்ல தண்ணி. உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே பெயரில் இருந்தால் குழாய் மாட்டுகிறவர் குழம்புவார். 'நிராகரிப்பு நீர்' வாயில் நிற்காது.

என் பரிந்துரை 'மறுகால்நீர்'. கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே பாய்வது மறுகால். அது வீணாவதில்லை, அடுத்த கண்மாய்க்குப் போய்ச் சேரும். இந்தத் தண்ணீரும் அடுத்த வேலைக்குப் போக வேண்டியதே.

(காரைக்குடி)

* * *

ஐயா, வணக்கம்.

மறுகால் நம் மண்ணின் சொல். விட மனம் வரவில்லை. ஆனாலும் இங்கே பொருந்தாது. மறுகாலில் போவதும் கண்மாயில் நிற்பதும் ஒரே தண்ணீர். சவ்விலிருந்து வெளியேறுவதோ உள்ளே போனதைவிட உப்புக் கூடியது. தவிர, மறுகால் மிஞ்சினால்தான் பாயும். இது பம்ப் ஓடும் நேரமெல்லாம் ஓடியாக வேண்டும். 'மிஞ்சியது' என்று நினைப்பவர்தான் குழாயை மடக்கிக் கட்டி மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்.

கணக்கைப் பாருங்கள். வீடுகளில் போடும் 75 ஜி.பி.டி. (நாளைக்கு 75 கேலன்) சவ்வு, 25 டிகிரி வெப்பத்தில், அதற்குரிய அழுத்தம் கிடைத்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 மி.லி. நல்ல தண்ணீர் தரும். வெளியேறும் குழாயில் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் 450 மி.லி. ரெஸ்ட்ரிக்டர் போட்டிருந்தால் மறுபக்கம் நிமிடத்துக்கு 450 மி.லி. வெளியேறும். போர்த் தண்ணீரின் டி.டி.எஸ். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்லும் கரைந்த உப்பின் அளவு) 1200 என்றும், சவ்வு 95 விழுக்காடு உப்பைத் தடுக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், இந்தப் பக்கம் 60, அந்தப் பக்கம் சுமார் 1700. கக்கூஸுக்கு ஊற்றவும் பாத்திரத்தை முதல் அலசு அலசவும் தாராளமாக ஆகும். அதே குழாயை இறுக்கி முக்கால் பங்கை நல்ல தண்ணீராக எடுத்தால் வெளியேறும் கால் பங்கின் டி.டி.எஸ். 4600ஐத் தொடும். அந்தச் செறிவில் சுண்ணாம்பு சவ்வின் மேலேயே படியும். முதலில் வரத்துக் குறையும், பிறகு நல்ல தண்ணீரிலும் டி.டி.எஸ். ஏறும், சவ்வை மாற்றுவதைத் தவிர வழியிருக்காது.

ஆகவே பெயரிலேயே செறிவு தெரியட்டும்: 'செறிநீர்'. சவ்வை ஊடுருவி வருவது 'ஊடுநீர்'. மடை, மறுகால் குடும்பத்திலிருந்து ஒன்றை எடுத்தே தீர வேண்டுமென்றால் ரெஸ்ட்ரிக்டருக்குக் 'குறுமடை' என்று வைப்போம். செறிநீர்க் குழாயில் விரல் நீளத்துக்கு இருக்கும் அந்தத் துண்டுதான் சவ்வுக்கு முன்னால் அழுத்தத்தைத் தேக்குகிறது. அதை எடுத்துவிட்டால் பம்ப் ஓடும், ஊடுநீர் பேருக்குத்தான் சொட்டும்.

(தேவகோட்டை)

* * *

இருவருக்கும் வணக்கம்.

செறிநீர், குறுமடை இரண்டுக்கும் என் முழு ஆதரவு. ஊடுநீரில் ஓர் எல்லை மட்டும் வகுக்க வேண்டும். டி.டி.எஸ். கன்ட்ரோலர் வைத்த கருவிகளில், சவ்வுக்குப் போகாத தண்ணீரில் கொஞ்சம் ஊடுநீரோடு கலக்கிறது. கலந்தபின் அது ஊடுநீர் அல்ல. கிருமியும் கூடவே வரலாம். கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கு, தண்ணீர் கலக்கும் இடத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது அதனால்தான். குழாயில் பிடிப்பதை மட்டும் 'குடிநீர்' என்போம்.

சவ்வை உள்ளே வைத்து மூடும் சவ்வுக்கூட்டின் படத்தில் இந்தச் சொற்களை அப்படியே பொறிக்கலாம். மூடிப் பக்கம் ஒரே துளை: வரத்து. மறுபக்கம் இரண்டு: நடுவில் இருப்பது ஊடுநீர், ஓரத்தில் இருப்பது செறிநீர். மாட்டும்போது அதிகம் தவறுவது இங்கேதான். சவ்வில் இரட்டை ஓ ரிங் (ரப்பர் வளையம்) உள்ள முனை உள்ளே, நடுத்துளையில் அழுந்த உட்கார வேண்டும். ரிங் மடங்கினால் உப்புத்தண்ணீர் நேராக ஊடுநீரில் கலந்துவிடும். புதுச் சவ்வு என்றால் முதல் இரண்டு தொட்டித் தண்ணீரைக் குடிக்காமல் கொட்டிவிட வேண்டும். குளோரின் போட்ட நகராட்சித் தண்ணீர் வரும் வீட்டில் கார்பன் வடிகட்டி இல்லாமல் சவ்வை ஓட்டவே கூடாது. குளோரின் சவ்வைத் தின்றுவிடும்.

இந்தப் பக்கத்து வீடுகளுக்கென்று இரண்டு குறிப்பு சேருங்கள். பழைய வளவு வீட்டுச் சுவரில் டிரில் போட வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து வரும், பிளக் பிடிக்காது. 10 லிட்டர் தொட்டி நிறைந்தால் கருவி ஏறக்குறைய 20 கிலோ கனக்கும். மேடையிலோ இரும்பு ஸ்டாண்டிலோ வைக்கச் சொல்லுங்கள். செறிநீரால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் துடைக்கவும் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளை பூக்கும். தென்னைக்கு விடலாம், தொட்டிச் செடிக்கு வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீரைச் சோதிக்கும் பக்கம் வர வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500:2012 குடிநீருக்கு ஏற்கும் டி.டி.எஸ். அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 2000 வரை. மீட்டர் 500க்குக் கீழே காட்டினால், ஆய்வகத்தில் புளோரைடும் நைட்ரேட்டும் பார்த்துவிட்டு, அவையும் அளவோடு இருந்தால் ஆர்.ஓ.வே வேண்டாம். அந்த இரண்டையும் கையில் பிடிக்கும் மீட்டர் தனியாகப் பிரித்துக் காட்டாது.

ஒரு சொல் இன்னும் பாக்கி. சவ்வின் மூடிப் பக்க முனையைச் சுற்றி ஒரு ரப்பர் உதடு இருக்கும். வரத்துத் தண்ணீர் சவ்வுக்குள் போகாமல் பக்கவாட்டில் நழுவி நேராகச் செறிநீர்த் துளைக்குப் போய்விடாதபடி தடுப்பது அதுதான். வரைவில் 'வாஷர்' என்றிருக்கிறது. அப்படி எழுதினால், கிழிந்தாலும் கடையில் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். அது சவ்வின் மேலேயே பொருத்தி வருவது. 'சுற்றடைப்பு' என்று வைக்கலாமா?

(கானாடுகாத்தான்)