ஆக்சலை நிறுத்திவிட்டு வெறும் பேக்ஸ்பின்: இது சரியா?

அல்சூர் அப்பா:
மகளுக்கு 11 வயது. நான்கு சக்கர ஸ்கேட்டில் ஒற்றை ஆக்சல் (முன்னோக்கி எழும்பி ஒன்றரைச் சுற்று சுற்றும் தாவல்) பழகிக்கொண்டிருந்தாள். காற்றில் உடல் இடப்பக்கம் சாய்கிறது. இறங்கும்போது கையை ஊன்றிவிடுகிறாள். பயிற்சியாளர் இந்த மாதம் முழுக்கத் தாவலையே நிறுத்திவிட்டார். பேக்ஸ்பின் (தாவி இறங்கும் காலிலேயே நின்று சுற்றுவது), சாதாரண ஷூ போட்டுத் தரையில் அரைச்சுற்று, ஒற்றைக்காலில் நிற்பது, இவ்வளவுதான். போட்டி நெருங்குகிறது. தாவாமல் தாவல் எப்படி வரும்?

ஜெயநகர் கோச்:
வரும் சார். இடப்பக்கம் சாய்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், விடை அதில்தான் இருக்கிறது. கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுபவர்கள் ஆக்சலில் இடது காலின் முன்வெளி விளிம்பிலிருந்து (முன்னோக்கி உருண்டபடி பாதத்தின் வெளிப்பக்கம் சாய்ந்து) எழும்பி, ஒன்றரைச் சுற்று முடித்து, வலது காலின் பின்வெளி விளிம்பில் (அதேபோல், பின்னோக்கி உருண்டபடி) இறங்குகிறார்கள். எழும்பியதுமே உடலின் அச்சு வலப்பக்கத்துக்கு மாறியாக வேண்டும். வலது இடுப்புக்கு நேர்மேலே வலது தோள், வலது காலுக்குக் குறுக்கே இடது கால். பேக்ஸ்பின் நிலையும் இதுவே. 2022இல் அமெரிக்கப் பனித்தள ஸ்கேட்டர் இல்யா மலினின் நாலரைச் சுற்று ஆக்சலைப் போட்டியில் முதன்முதலாக இறக்கியபோதும் காற்றில் நின்ற நிலை இதுதான். தரையில் அப்படி நிற்க முடியாத பிள்ளை காற்றில் எப்படி நிற்பாள்?

மாரத்தஹள்ளி ஸ்கேட்டர்:
எனக்கு உடன்பாடில்லை. பேக்ஸ்பின்னை அழகாகச் சுற்றிவிட்டு ஆக்சலில் விழும் பிள்ளைகளை ஸ்கேட்டிங் தளத்தில் நிறையப் பார்க்கிறேன். கால் தரையை விட்ட பிறகு சுழல் உந்தத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. கையை மார்போடு சேர்த்தால் வேகம் கூடும், விரித்தால் குறையும், அவ்வளவே. சாய்ந்து எழும்பினால் சாய்ந்தபடியே சுற்ற வேண்டியதுதான். ஆகவே கோளாறு எழும்பும் இடத்தில். ஓடிவரும் வேகத்தை முட்டியால் மேலே திருப்பும் அந்தக் கணத்தை ஷூ போட்டுக் கற்க முடியாது. அங்கே உருளலே இல்லையே!

ஜெயநகர் கோச்:
கோளாறு அங்கேதான், சரி. ஏன் வருகிறது? வலப்பக்கம் நிற்கத் தெரியாத பிள்ளை, சுற்று போதாமல் போய்விடும் என்ற பயத்தில் இடது தோளை முன்கூட்டியே திருப்புகிறாள். தோளோடு தலையும் போகிறது. நேராக முன்னே உயர வேண்டிய வலது முட்டி பக்கவாட்டில் வீசுகிறது. இப்படியே ஐம்பது முறை தாவினால் அந்தத் தவறுதான் உடம்பில் ஊறும். அவசரப்பட்டுப் போட்டிக்கு அனுப்பியும் பயனில்லை. பனித்தள ஸ்கேட்டிங் விதிகளில் அரைச்சுற்று குறைந்தால் ஒரு சுற்று குறைந்த தாவலின் மதிப்புதான் கிடைக்கும்.

ஹெப்பாள் அம்மா:
ஒன்றை இருவரும் விட்டுவிட்டீர்கள். என் மகன் பழகுவது சிமென்ட் தளம். இறங்கும்போது ஒற்றைக்காலில் விழும் விசை உடல் எடையைப்போலப் பல மடங்கு. வளரும் எலும்பு அது. பயிற்சியாளர் நிறுத்தியதை நான் மனமார வரவேற்கிறேன்.

மாரத்தஹள்ளி ஸ்கேட்டர்:
முழு ஆக்சலைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லவில்லை, அம்மா. வால்ட்ஸ் ஜம்ப் அரைச்சுற்றுதான். ஆனால் எழும்புவது ஆக்சலைப் போலவே. அதில் இறங்கியதும் வலது காலிலேயே பேக்ஸ்பின்னுக்குள் போக வேண்டும். அது படிந்த பிறகு வால்ட்ஸ் ஜம்ப், உடனே லூப் (இறங்கிய வலது காலிலிருந்தே எழும்பி அதே காலில் இறங்கும் தாவல்). வேகமும் உண்டு, அச்சு மாற்றமும் உண்டு. இதையும் சேர்த்து நிறுத்தியதுதான் தவறு என்கிறேன்.

ஜெயநகர் கோச்:
நல்ல பயிற்சி, நானும் கொடுக்கிறேன். ஆனால் பேக்ஸ்பின் நிலைக்காதவள் இறங்கியதும் இடது காலை ஊன்றித் தப்பித்துவிடுவாள். சார், அவளுக்கு எத்தனை சுற்று நிற்கிறது?

அல்சூர் அப்பா:
இரண்டு. மூன்றாவதில் இடது கால் இறங்கிவிடுகிறது.

ஜெயநகர் கோச்:
அப்படியானால் உங்கள் பயிற்சியாளர் பக்கம்தான் நான்.

மாரத்தஹள்ளி ஸ்கேட்டர்:
நான் இன்னும் மாறவில்லை. பழைய காணொளி இருந்தால் பாருங்கள், சார். முன்னாலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். இடது சக்கரங்கள் தரையை விடும் இடத்தில் நிறுத்துங்கள். தோள்கள் அப்போதே திரும்பியிருந்தால் எழும்புவதைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். தோள்கள் நேராக இருந்து, மேலே போன பிறகு கால் குறுக்கே வரவில்லை என்றால் பேக்ஸ்பின்னையே தொடரட்டும்.