ஜா சாய் போட்ட பன்னிக்கறிப் பிரட்டல்: ஊறவைக்கணுமா, வேண்டாமா?

குவாலிக்காரன்:
சீனர் வீட்டுச் சமையல்ல இதைவிடச் சுலபமானது குறைவு. பன்னிக்கறியையும் ஜா சாய்ங்கிற சீன ஊறுகாயையும் தீக்குச்சிப் பருமன்ல நறுக்கி, காய்ஞ்ச குவாலியில, அதாவது சீன வாணலியில, போட்டுப் பிரட்டினா ஆச்சு. ஆனா எங்க பார்த்தாலும் ஜா சாயை அரை மணி நேரம் தண்ணியில ஊறப்போடச் சொல்றாங்க. எதுக்கு? சீனாவோட ஃபூலிங்ல, யாங்சே ஆத்துக்கரையில, 1898லேர்ந்து செஞ்சு வர்ற சரக்கு அது. ஒரு வகைக் கடுகுச் செடியோட முண்டு முண்டான தண்டைக் காத்துல வாட்டி, உப்புப் போட்டு, அழுத்தித் தண்ணியை எடுத்து, மிளகாயும் சிச்சுவான் மிளகும் சேர்த்து ஜாடியில அடைச்சுப் புளிக்க வைக்கிறாங்க. அவங்க பாடுபட்டு எடுத்த தண்ணியை நாம திரும்ப உள்ள ஏத்தணுமா? ஒரு அலசு போதும்.

ஜாடிமூடி:
நீங்க வாங்குறது எது தம்பி? பாக்கெட்ல நறுக்கி வர்றதா? அதுல ஆலையிலேயே உப்பைக் குறைச்சு, எண்ணெய் சேர்த்துத்தான் அனுப்புறாங்க. கஞ்சிக்கு அப்படியே தொட்டுக்கலாம். மிளகாய்த்தூள் அப்பின முழுக் கட்டியை அலசிட்டு மட்டும் போட்டா வாயில வைக்க முடியாது. மெல்லிசா நறுக்கி, 20 நிமிஷம் ஊறவிட்டு, ஒரு துண்டைக் கடிச்சுப் பார்த்து, அப்புறம் இறுக்கிப் பிழியணும். பிழியாம போடுறவங்கதான் சொதசொதன்னு இருக்குன்னு புலம்புறாங்க.

குவாலிக்காரன்:
முழுக் கட்டிதான் அண்ணே, ஈரச்சந்தையில வாங்குறேன். உப்பு ஜாஸ்தின்னா அளவைக் குறைங்க. 200 கிராம் கறிக்கு 60 கிராம் ஜா சாய் தாராளம். ஊறப்போட்டா உப்போட சேர்த்து அந்தப் புளிச்ச வாசமும் போயிடுது. அப்புறம் அதை ஈடுகட்ட சோயா சாஸ், அஜினமோட்டோன்னு கொட்டுறது.

ஜாடிமூடி:
60 கிராமா! அது தாளிப்புக்குப் போடுற அளவு. இதுல கறிக்குச் சமமா ஊறுகாயும் இருக்கணும், ஒவ்வொரு வாயிலயும் கடக்குனு கடிபடணும். உங்க கணக்குப்படி வர்றது வெறும் பன்னிக்கறி வறுவல்.

அடுப்படி அக்கா:
உப்புச் சண்டையில கறியை மறந்துட்டீங்க ரெண்டு பேரும். மாட்டுக்கறியைத்தான் நாருக்குக் குறுக்க வெட்டுறது. பன்னியோட முதுகுக்கறி மெல்லிசு, நார் போற போக்குலயே நறுக்கணும், இல்லேன்னா குவாலியில உதிர்ந்திடும். ஒரு டீஸ்பூன் ஷாவ்ஷிங்ங்கிற சீன அரிசி ஒயின், ஒரு டீஸ்பூன் சோயா சாஸ், ரெண்டு டீஸ்பூன் தண்ணி. கறி அதைக் குடிக்கிற வரைக்கும் கையால பிசைஞ்சு, அப்புறம் ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளவர், மேலாப்ல கொஞ்சம் எண்ணெய். கால் மணி நேரம் அப்படியே விடுங்க. உப்பு மட்டும் கிட்டயே வரக்கூடாது. குவாலி புகையுற அளவுக்குக் காய்ஞ்சதும் எண்ணெயை ஊத்தி, அது காயுறதுக்கு முன்னாடியே கறியைப் போட்டா ஒட்டாது. நிறம் மாறினதும் எடுத்துடுங்க. அதே எண்ணெயில இஞ்சி, பிறகு ஜா சாய். அதோட ஈரம் வத்தி வாசம் கிளம்பின பிறகுதான் கறி திரும்ப உள்ள போகணும். கடைசியா அரை டீஸ்பூன் சீனி.

குவாலிக்காரன்:
எல்லாம் சரிக்கா, சீனி எதுக்கு? ஊறவைச்சு ருசியைத் தொலைச்சவங்களுக்குத்தான் அது தேவை.

அடுப்படி அக்கா:
நேர்மாறு. ஊறவைக்காதவங்களுக்குத்தான் தேவை, உப்போட கூர்மையைத் தட்டுறதுக்கு. ஜாடிமூடி மாதிரி ஊறவைச்சுப் பிழிஞ்சவங்க சீனியை விட்டுடலாம்.

ஜாடிமூடி:
நான் போட மாட்டேன். இன்னொண்ணு, நூடுல்ஸ் சூப்புக்கு மேல வைக்கறதுன்னா நானும் ஊறவைக்கிறதில்ல. சூப்புல உப்பே போடாம விட்டா ஜா சாயே பார்த்துக்கும். என் பேச்சு சோத்துக்குச் செய்யுறதைப் பத்தித்தான்.

குவாலிக்காரன்:
வெள்ளைச் சோத்துல மட்டும் உப்பு இருக்கா என்ன? சூப்புக்குச் சொன்ன நியாயம்தான் சோத்துக்கும்.

ஜாடிமூடி:
சூப்புல உப்பு கரைஞ்சு பரவும் தம்பி. சோத்துல பரவாது, துண்டு துண்டா நாக்குலதான் படும். நாளைக்கு ஒரே கட்டியைப் பாதி அலசி, பாதி ஊறவைச்சு, ரெண்டு குவாலியில செஞ்சு வீட்டுல இருக்கவங்க முன்னாடி வைங்க. எது முதல்ல காலியாகுதுன்னு இங்க வந்து எழுதுங்க.

குவாலிக்காரன்:
வைக்கிறேன். ஆனா 60 கிராம் கணக்குலதான்.