முட்டை வாங்கும்போது கோழி ஞாபகம் வந்ததுண்டா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

சூரமங்கலம்காரன்:
போன தை மாசம் நாமக்கல் பக்கம் ஒரு ஷெட்ல கழிச்ச கோழிகளை வண்டியில ஏத்திக்கிட்டு இருந்தாங்க. முட்டை குறைஞ்சா கறிக்குப் போயிடும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பொண்ணு அழுதான்னு நாலு வாங்கிட்டு வந்தேன்.

கொல்லையில கூடையைத் திறந்தா ஒண்ணும் வெளிய வரல. தூக்கி மண்ணுல விட்டேன். கம்பி மேலயே நின்ன கால், நகம் நீண்டு வளைஞ்சு கிடக்கு. ஒரு கோழி ஒத்தைக் காலைத் தூக்கினது, எங்க வைக்கிறதுன்னு தெரியாம அப்படியே நின்னுச்சு. அலகு நுனியைச் சின்னதுலயே வெட்டியிருக்காங்க, தரையில போட்ட அரிசியைப் பொறுக்க முடியல. கிண்ணத்துல குவிச்சு வெச்சப்புறம்தான் தின்னுச்சு. நாலாம் நாள் ஒண்ணு கால் எலும்பு ஒடிஞ்சு செத்துப்போச்சு.

பன்னண்டாம் நாள் மத்தியானம், முருங்கை மரத்தடியில ஒண்ணு பக்கவாட்டுல படுத்து, இறக்கையால புழுதியை வாரி வாரி முதுகுல போட்டுக்கிச்சு. அதுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. அன்னையிலிருந்து கடையில முட்டைத் தட்டைப் பார்த்தா கை நீள மாட்டேங்குது.

ராசிபுரம் பண்ணை வீடு:
அண்ணா, உங்க வருத்தம் புரியுது. ஆனா கூண்டு வெச்சவங்க எல்லாம் கல்நெஞ்சக்காரங்க இல்லீங்க. எங்கப்பா ஆழ்கூளத்துலதான் ஆரம்பிச்சார், தரையில கடலைத்தோல் பரப்பி, கோழியை அது மேல திரிய விட்டு. மழைக்காலத்துல கூளம் நனைஞ்சா ரத்தக்கழிச்சல் வந்துரும். ஒண்ணை ஒண்ணு கொத்திக்கும். ஒரு நாள் விடிகாலை நான்தான் கதவைத் திறந்தேன். எதையோ பார்த்து மிரண்டு மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கு, அடியில இருந்ததெல்லாம் மூச்சுமுட்டிச் செத்துக் கிடக்கு. தொட்டா இன்னும் சூடு. அப்பா அங்கயே உட்கார்ந்துட்டார். அதுக்கப்புறம்தான் கூண்டு. எச்சம் கீழ விழுந்துரும், முட்டை உருண்டு முன்னாடி வந்துரும், நோய் குறைவு. சத்துணவுல பிள்ளைங்க சாப்பிடுற முட்டை இந்த மாதிரி ஷெட்ல இருந்துதான் போகுது.

ஒரு கோழிக்கு ஏ4 தாள் அளவு இடம்கூட இல்லைங்கிறதை நான் மறுக்கல. இடத்தைக் கூட்டணும். ஆனா முட்டைக்கு அம்பது பைசா ஏறினாலே கடையில சண்டைக்கு வர்றாங்களே, அந்தச் செலவை யார் தர்றது?

அம்மாபேட்டை அக்கா:
நான் பட்டது சின்ன விஷயம். தெருவுல கூடையில வந்த 'நாட்டுக்கோழி முட்டை'யை ஈரத்துணியால துடைச்சேன், துணி முழுக்க டீக்கறை. உள்ள வெள்ளை முட்டை. கொடுத்தது இரட்டிப்பு விலை.

அதனால வாங்குறவங்களுக்குச் சொல்றேன். ஓட்டு நிறம் கோழி இனத்தால வர்றது. சாயம் போடாத பழுப்பு முட்டையும் கூண்டுல இருந்து வரலாம். மஞ்சக்கரு அடர்த்தியா இருக்கிறதும் தீவனத்தால, மக்காச்சோளமும் கீரையும் போட்டா நிறம் ஏறும். கோழி சந்தோஷமா இருந்துச்சுங்கிறதுக்கு அது சாட்சி இல்ல. ஐரோப்பாவுல 2012லயே பழைய மாதிரி வெறுங்கூண்டை, அதாவது முட்டையிட மறைவிடமோ உட்காரக் கம்போ இல்லாத கூண்டைத் தடை பண்ணிட்டாங்க. அதெல்லாம் இருக்கிற கூண்டு மட்டும் உண்டு. அங்க முட்டை மேலயே எண் குத்தியிருக்கும்: 0 இயற்கை முறை, 1 வெளிய மேய்ஞ்சது, 2 கொட்டகைத் தரையில திரிஞ்சது, 3 கூண்டு. நம்ம கடைத் தட்டுல அப்படி எதுவும் இல்ல, கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். பெட்டியில 'இயற்கை', 'பண்ணைப் புதுசு'ன்னு போட்டிருந்தா மயங்காதீங்க. கோழி தரையில திரியுதா, முட்டையிடத் தனி இடம் இருக்கா, அலகு வெட்டுறீங்களான்னு கேளுங்க. உழவர் சந்தையில நேரா கொண்டு வர்றவங்க இருந்தா, ஒரு ஞாயித்துக்கிழமை அவங்க தோட்டத்துக்கே போயிட்டு வாங்க. ஒழுங்கா வளர்க்கிறவங்களுக்குக் காட்டச் சங்கடம் இருக்காது.

ஏற்காட்டு மருமகள்:
அக்கா, தோட்டத்துல விட்டா மட்டும் நல்லா இருக்கும்னு இல்லீங்க. எங்க அத்தை காப்பிச்செடிக்குள்ள விட்டுத்தான் வளர்க்கிறாங்க. ஒரே ராத்திரியில மரநாய் ஒம்பது கோழியை முடிச்சிருச்சு. நாட்டுக்கோழி வருஷத்துக்கு அறுபது, எண்பது முட்டை போட்டா அதிகம். ஷெட் கோழி முந்நூறு போடும். விலை வித்தியாசம் அதுலயே இருக்கு.

ஆனா எனக்கு மறக்காதது வேற. கல்யாணமாகி வந்த புதுசு. ஒரு கோழி வீட்டுக்குள்ள வந்து, விறகு இடுக்கு, சாக்குக்கட்டு, கட்டிலடின்னு ஒரு மணி நேரம் கேவிக்கிட்டே சுத்துச்சு. நான் விரட்டினேன். அத்தை, "விரட்டாதம்மா, இடம் தேடுது. நீ எந்திரி"ன்னாங்க. நான் உட்கார்ந்திருந்த பழைய புடவை மூட்டையிலதான் அது போய் உட்கார்ந்துச்சு. காலால குழி பறிச்சு, துணியை இழுத்து ஓரம் சேர்த்து, அப்புறம்தான் சத்தம் அடங்குச்சு. கம்பிக்கூண்டுல இருக்கிறதும் தினம் அப்படித்தானே தேடும்?

சூரமங்கலம் அண்ணா, மிச்சம் மூணும் எங்க முட்டை வைக்குது?

சூரமங்கலம்காரன்:
ரெண்டு, மோட்டார் ரூம்ல பழைய சாக்கு மேல. ஒண்ணு மட்டும் இன்னும் நடக்கிற வழியிலயே போட்டுட்டு, திரும்பிப் பார்க்காமப் போகுதும்மா.